நீ அணைக்க மறுத்த கற்பூரம்

மச்சான்,

இன்று விடியற்காலை வலையோடு ஓர் இரும்புத் துண்டு ஏறி வந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். ஒரு பக்கம் முழுக்கச் சிப்பி, மறுபக்கம் துரு. மகன் அதைத் திரும்பக் கடலுக்குள் எறியப் போனான். "எறியாதை, இஞ்ச கொண்டா" என்று வாங்கிக்கொண்டேன். ஈரத் துருவின் மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே மணலில் குந்திவிட்டேன். இப்போது அது கிணற்றடியில் கிடக்கிறது. "வீட்டில கிடக்கிற பழஞ்சாமான் காணாதெண்டு கடலுக்கையும் பொறுக்கத் தொடங்கிட்டியளோ?" என்று என் மனுசி காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லிப் பயனில்லை என்று உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இதை நீ படிக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். செத்தவன் எங்கேயோ இருந்துகொண்டு எட்டிப் பார்ப்பதில்லை என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவனே நீதான். பிறகேன் எழுதுகிறாய் என்று கேட்பாய். எனக்காகத்தான் எழுதுகிறேன். உனக்கு நான் செய்ததை ஒருமுறையாவது ஒளிக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது, நேவி யாட்டில், அதுதான் கடற்படைத் தளத்தில், வேலை செய்த எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். நீயும் திரும்பினாய். ஒரு சைக்கிள், இரண்டு காக்கிக் காற்சட்டை, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் சீலை இருக்கும் என்று உன்னைக் கட்டிய என் தங்கச்சி நினைத்தாளாம். திறந்தால் எல்லாம் மெல்லிய புத்தகங்கள். இந்தியாவிலிருந்து வந்து, யாட்டில் கைக்குக் கை மாறி, எண்ணெய்க் கறை பிடித்தவை. கடவுள் இல்லை, நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை, செத்தபின் ஒன்றும் இல்லை. கலியாணத்தன்று நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்ற மனிதன் இப்படித் திரும்பி வந்திருக்கிறாரே என்று அவள் என்னிடம் வந்து அழுதாள். "விசர்க் கதை, கொஞ்ச நாளிலை மாறும்" என்று தேற்றி அனுப்பினேன். நான் சொன்ன எத்தனையோ பிழையான ஆரூடங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தவன் அல்ல. அம்மன் கோயில் பொங்கலன்று முதல் ஆளாய் இலைக்கு முன்னால் குந்துவாய். "சாமி இல்லையெண்டனீ, பொங்கல் மட்டும் வேணுமோ?" என்று நான் சீண்டினால், "இல்லாத சாமியோடை எனக்கென்ன கோவம்? பொங்கல் இருக்குத்தானே, போடு" என்பாய். உன் பெரியண்ணர் கோயில் தலைவர். தகப்பன் இல்லாத வீட்டில் உன்னை வளர்த்தவர். அவர் உன் பக்கம் பார்க்காமலே உன் இலைக்கு இன்னொரு அகப்பை போடச் சொல்வார்.

பிறகு நைலோன் வலை வந்தது. சாம்பல்தீவுக்கு அப்பால் எங்கள் கரையில் முதல் நைலோன் வலை என்னுடையது. பஞ்சுபோல வெள்ளை. தொட்டுப் பார்க்க ஊரே வந்தது. மாலையில் கடலில் இறக்கிவிட்டு விடிய எடுக்கிற வலை அது. இறக்கும் நாளன்று பெரியண்ணர் பஞ்சாங்கம் பார்த்தார், தேங்காய் உடைத்தார், வலைக்குத் தண்ணீர் தெளித்தார், "வடகிழக்கிலை இறக்கு, நல்ல திசை" என்றார். அந்தப் பக்கம் யாரும் வலை இறக்குவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

நீ முன்னால் வந்தாய். "மச்சான், அந்தப் பக்கம் வேண்டாம். கீழ..." என்று தொடங்கினாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. "நல்ல காரியத்திலை வாயை வைக்காதை" என்று கரையிலிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன். உனக்கும் கோபம் வந்துவிட்டது. "பூசை செய்த வலையும் கிழியும். கிழிஞ்சாப் பிறகு என்னட்டை வா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் விடிய வலையை இழுத்தோம். நாலு இடத்தில் அறுந்திருந்தது. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நுழையக்கூடிய ஓட்டை. எல்லோர் மனதிலும் ஓடியதை நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். "பூசையைப் பொய்யாக்க அவன்தான் அறுத்தவன்." என் சொந்தத் தங்கச்சியின் புருசனை, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருந்தவனை, ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்காமல் வலை அறுத்தவன் என்றேன்.

அந்த நாளில் எங்கள் ஊர் வழக்குகள் பொலிசுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மன் சந்நிதியில் வெற்றிலையில் கற்பூரம் கொளுத்துவார்கள். சந்தேகப்பட்டவன் "நான் செய்யேல்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அந்த நெருப்பை அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் தழைக்காது. அதோடு வழக்கு முடிந்தது. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பது அம்மனை அவமதிப்பது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், வலை இறக்கிய மாலையில் கரையில் நின்ற பதினொரு பேரையும் பெரியண்ணர் அழைத்தார். பத்துப் பேர் அணைத்தார்கள். நீ வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றாய்.

"வந்து அணை" என்றேன்.

"நான் அறுக்கேல்லை, மச்சான். வலையைக் கொண்டு வா. அறுந்த இடத்தைப் பாப்பம். கீழ இரும்பு கிடக்கு, யாட்டிலை நிண்ட நாளிலை நாங்கள்தான் பழசுகளை அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளினனாங்கள்."

"முதல்ல கற்பூரம். பிறகு இரும்புக் கதை."

"என்ரை சொல் காணாதோ?"

"காணாது" என்றேன். மச்சான், உன் வாய்ச்சொல் போதாது என்ற அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நீ சைக்கிளில் ஏறிப் போனாய். கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது. உன் பெரியண்ணர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அம்மன் ஒரு முடிவு காட்டுமட்டும் வலையிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். வலையைச் சுருட்டி, வாடி என்று நாங்கள் சொல்லும் கரைக் கொட்டிலுக்குள் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு உன்னை ஒருவரும் தோணிக்குக் கூப்பிடவில்லை. உன்னைக் கண்டால் கரையில் கதை நின்றுபோகும். நீ தினமும் சைக்கிளில் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தாய். மெக்கானிக் வேலை பார்த்த கை. தங்கச்சிக்குத் தண்ணீர் அள்ளப் பொதுக் கிணற்றில் முறை கிடைப்பதில்லை. எல்லோரும் அள்ளி முடித்த பிறகுதான் அவளுக்குக் கயிறு. அவள் உன்னைக் கெஞ்சியதை நான் பல வருடம் கழித்து அவள் வாயால்தான் அறிந்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு நொடி வேலை. கையை வச்சு அணைச்சுப் போட்டு வாங்கோ. நீங்கள்தான் நம்புறேல்லையே, உங்களுக்கு அது வெறும் நெருப்புத்தானே."

"அதுதானப்பா காரணம். நம்பாத சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டா அது பொய்ச் சத்தியம். வலை அறுக்காதவன் பொய் சொல்லி ஏன் தப்ப வேணும்?"

இதை அப்போதே யாராவது என்னிடம் சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. நான் அவ்வளவு கெட்டிக்காரன். உண்மையில் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நீ வலையை அறுத்திருந்தால் முதல் ஆளாய் வந்து கற்பூரத்தை அணைத்திருப்பாய். உனக்கு என்ன பயம்? பயந்தவர்களுக்குத்தானே அது சோதனை. எங்கள் பதினொரு பேரிலும் பொய்ச் சத்தியம் செய்ய மிகவும் வசதியானவன் நீதான். நீதான் செய்ய மாட்டேன் என்றவன். அதை வைத்துத்தான் நாங்கள் உன்னைக் குற்றவாளி என்றோம்.

மாரி தொடங்கியது. கடலுக்குப் போக ஏலாது. அம்மன் ஒரு முடிவும் காட்டவில்லை. சும்மா இருக்க முடியாமல், கயிற்றையும் மிதப்பையுமாவது கழற்றி எடுப்போம் என்று வாடிக்குள் போய் அந்த வலையை விரித்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் அறுந்த ஒவ்வொரு நூல் நுனியிலும் மண்ணிறம். விரலால் தேய்த்தேன், துரு. முடிச்சுகளுக்குள் சிப்பித் தூள். ஓர் இடத்தில் நகம் அளவு இரும்புச் செதில் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் அறுத்த நூலில் சிப்பி எப்படி வரும்? அறுந்த அன்றைக்கே, அதை என் கையால் சுருட்டிய அன்றைக்கே, இதெல்லாம் அங்கேதான் இருந்தது. நான் பார்க்கவில்லை.

இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த வலையைத் திரும்பச் சுருட்டி வைத்துவிட்டு ஐந்து நாள் பேசாமல் இருந்தேன். எனக்கு மட்டும்தானே தெரியும். சொன்னால் பெரியண்ணரின் நல்ல திசை என்னாவது, பத்துப் பேர் அணைத்த கற்பூரம் என்னாவது, என் வாய் என்னாவது என்று ஐந்து நாள் கணக்குப் பார்த்தேன். அந்த ஐந்து நாளும் நான் தவறாமல் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டேன். அம்மன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. உன் வீட்டு ஒழுங்கைப் பாதையால் போகத்தான் கூசியது. அந்தக் கிழமைதான் எனக்குள் ஏதோ கழன்றது. உன் புத்தகம் ஒன்றும் என்னை மாற்றவில்லை, மச்சான்.

ஆறாம் நாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ முற்றத்தில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். வலையை உன் முன்னால் விரித்தேன். நீ ஒரு நுனியை எடுத்து மணந்து பார்த்தாய்.

"ஓம், இரும்புதான்" என்றாய். அவ்வளவுதான்.

நான் அழுதுவிட்டேன். தங்கச்சி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்ட வரவில்லை. "வெள்ளிக்கிழமை கோயிலிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்" என்றேன்.

"கோயிலிலை வேண்டாம். கரையிலை சொல்லு. அங்கைதானே என்னை வலை அறுத்தவன் எண்டனீ."

அன்று மாலையே கரையில் எல்லோரையும் கூப்பிட்டேன். வலையை விரித்தேன். பிழை என்னுடையது என்றேன். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "இது மெய்யெண்டு கற்பூரம் அணைச்சுச் சொல்லுவியோ?" நான் உடனே "ஓம், வாங்கோ" என்று கோயில் பக்கம் திரும்பினேன். பழக்கம் அப்படி. நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"கண்ணுக்கு முன்னாலை வலை கிடக்கு. அதுக்குச் சாமி சாட்சி என்னத்துக்கு? வந்து தொட்டுப் பாக்கட்டும்."

சிலர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். சிலர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். போனவர்களில் இரண்டு பேர் சாகும்வரை உன்னை வலை அறுத்தவன் என்றே சொன்னார்கள். பெரியண்ணர் கடைசியாக வந்தார். குனிந்து நூலைத் தேய்த்தார், விரலைப் பார்த்தார், துண்டால் துடைத்தார். "நாளைக்கு என்ரை தோணியிலை வா" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்க அவருக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் உனக்குத் தெரியும். நான் மெல்ல மெல்ல விட்டேன். முதலில் நேர்த்திக்கடன், பிறகு வெள்ளிக்கிழமைக் கோயில், பிறகு திருநீறு. என் மனுசி இன்னும் போகிறாள். அவளுடைய அர்ச்சனைத் தட்டைக் கோயில் வாசல் வரை தூக்கிக்கொண்டு போவது நான்தான், உள்ளே போவதில்லை. வாசலில் நிற்கிற மற்ற ஆட்களோடு அரசியல் கதைத்துக்கொண்டு நிற்பேன். வருடத்துக்கு வருடம் அந்த வாசல் கூட்டம் பெருகுகிறது. இளம் பெடியள் ரேடியோவில் காற்று மழை கேட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள். படகுக்கு என்ஜின் பூட்டிய பிறகு பஞ்சாங்கம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இப்போது கரையில் ஒருவரும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் கேட்பதில்லை.

உனக்குச் சந்தோசமாயிருக்கும் என்று நினைத்து ஒருநாள் இதைச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. அந்தக் கிழமைதான் ஒரு பெடியன் தன் கூட்டாளியின் நங்கூரத்தை எடுத்துவிட்டு, எடுக்கவில்லை என்று முகம் மாறாமல் பொய் சொல்லியிருந்தான். "பயத்திலை பொய் சொல்லாமல் இருந்தவை, பயம் போனாப் பிறகு என்ன செய்வினம்? அதுதான் இனிக் கேள்வி" என்றாய். "காவலுக்கு ஆளில்லையெண்டு வாசல் படலையைத் திறந்து போடேலாது, மச்சான். நாங்கள்தான் நிக்க வேணும்." எனக்கு அன்று அது பாதிதான் விளங்கியது.

மீதியைக் கடைசியில்தான் விளங்கப்படுத்தினாய். பட்டினத்து ஆஸ்பத்திரியில் பின்னேரம் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம். தங்கச்சி உனக்குத் தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தாள். "நான் செத்தா ஐயர் வேண்டாம், தேவாரம் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீ எல்லாருக்கும் சொல்லிப் போடு" என்றாய். "எழுதித் தா" என்றேன். "எழுத்து என்னத்துக்கு? உன்ரை வாய் இருக்குத்தானே" என்றாய். அந்த வாய் உனக்குச் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்காமலேதான் அப்படிச் சொன்னாய்.

அதற்கு இரண்டாம் நாள் உன் உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெரியண்ணர் தடியூன்றி வந்து உன் தலைமாட்டில் கதிரையில் இருந்தார். ஐயருக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது என்றார். நான் நீ சொன்னதைச் சொன்னேன்.

"நான் வளர்த்த பிள்ளையடா அவன். கிரியை இல்லாமல் அலைய விடச் சொல்லுறியோ?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம்தான். தம்பி இருட்டில் தனியே அலைவான் என்று உண்மையாகவே பயந்தார். "அவன் அப்பிடிச் சொன்னதுக்கு ஆர் சாட்சி?"

"நான்தான், அண்ணை."

"அப்ப வா. அம்மனுக்கு முன்னாலை கற்பூரத்தை அணைச்சுச் சொல்லு. நீ அணைச்சியெண்டால் நான் ஐயரை மறிச்சுப் போடுறன்."

முற்றம் முழுக்கச் சனம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோயில் அங்கிருந்து முந்நூறு அடி தூரம்கூட இல்லை. நான் சொல்லப்போவது மெய். அணைத்தால் நீ கேட்டது நடக்கும்; அணைக்காவிட்டால் நீ வேண்டாம் என்ற அத்தனையும் உன் மேல் நடக்கும். எனக்கும் அது இப்போது வெறும் நெருப்புத்தான். ஒரு நொடி வேலை. மச்சான், என் கால் எழும்பப் பார்த்தது. அப்போதுதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நீ நின்ற வெயில் எவ்வளவு சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"மாட்டன், அண்ணை" என்றேன். "அவன் சொன்னவன். நான் கேட்டனான். இதுக்கு மேல என்னட்டை ஒண்டும் இல்லை."

சனம் முணுமுணுத்தது. பெரியண்ணர் தடியை நிலத்தில் ஒருமுறை குத்தினார். உன்னை நான் இரண்டாவது தடவையும் தோற்கடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

உள்ளேயிருந்து தங்கச்சி எழுந்து வந்தாள். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு அப்படியே இருந்தது. அவள் இன்றைக்கும் விடாத நம்பிக்கைக்காரி என்பது உனக்குத் தெரியும். பெரியண்ணருக்கு முன்னால் அவள் நிமிர்ந்து பேசி நான் கண்டதில்லை.

"அத்தான், அண்ணா சத்தியம் பண்ண வேண்டாம். அவர் அப்பிடிச் சொன்னவரெண்டு அண்ணா சொன்னாக் காணும். ஐயரை மறியுங்கோ."

பெரியண்ணர் ஐயரை மறிக்கச் சொல்லி ஓர் ஆளை அனுப்பினார். பிறகு "அப்ப நான் அவனுக்கு என்னத்தைச் செய்ய?" என்று கேட்டார், ஒரு பிள்ளையைப் போல. "தோள் குடுங்கோ" என்றேன். தடியை எறிந்துவிட்டு எழுந்தார். பறையில்லை, பாட்டில்லை. முன்னால் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அவரால் தாங்க முடியாது என்று தெரிந்து பின்னால் வந்த பெடியன் ஒருவன் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். அவர் கை மட்டும் கடைசிவரை பாடையை விடவில்லை.

அன்றைக்கு அந்த முற்றத்தில் என் வெறும் வாய்ச்சொல்லை நம்பி அவ்வளவு பெரிய காரியம் நடந்தது. உன் சொல்லைக் கேட்டிருக்க வேண்டிய நாளில் உனக்கு நான் கொடுக்காத நம்பிக்கையை எனக்குக் கொடுத்தார்கள். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்லி விற்கக்கூட இப்போது எனக்கு வாய் வருவதில்லை. மகன் தலையில் அடித்துக்கொள்கிறான். அடிக்கட்டும். எவர் கேட்டாலும், கேட்காவிட்டாலும், எனக்கு இனிப் பொய் சொல்ல ஏலாது, மச்சான்.